பார்ட்டி தரும் ஃபைலில் எழுத்து உடைந்து வருது: அச்சுப் பிளேட்டுக்கு முன்னால் எங்கே கை வைக்கணும்?

நோட்டீஸ்_குடியாத்தம்
சிரசு திருவிழா நோட்டீஸ். ஏ4, ரெண்டு பக்கம், மல்டிகலர். பார்ட்டி ஒரு வேர்டு ஃபைலும், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃபும் அனுப்பியிருக்கார். வேர்டில் பாதி மேட்டர் தமிழாகத் தெரியுது. உபயதாரர் பட்டியல் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கிடக்குது. தெரியுற பாதியைக் கோரல் எக்ஸ்3-ல் (கோரல் டிரா டிசைன் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு) ஒட்டினால் 'கெங்கையம்மன்' என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிக்குது, சில இடத்தில் புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வேற வருது. பிடிஎஃபில் எல்லாம் சரியா இருக்கு, ஆனா கோரலில் திறந்தா அதுவும் உடையுது. மொத்தத்தையும் திரும்ப டைப் அடிச்சிடலாமா, இல்ல வேற வழி இருக்கா?

பாலாறு_ப்ரீபிரஸ்
டைப் அடிக்காதீங்க. உபயதாரர் பட்டியலைத் திரும்ப அடிச்சா ஒரு பேராவது தப்பும். அப்புறம் அடுத்த வருஷத் திருவிழா வரைக்கும் அதே பேச்சுதான்.

உங்க ஃபைலில் இருப்பது ரெண்டு தனித்தனி கோளாறு. ஒண்ணா நினைச்சுக் கை வச்சா ரெண்டும் கெடும்.

முதல்ல கண்டுபிடிக்கிற வழி. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வரியைக் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்க. நோட்பேடிலும் தமிழாவே இருந்தா அது யூனிகோடு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுத்த பொதுக் குறியீடு. ஆங்கில எழுத்தா மாறினா அது பழைய எட்டு பிட் ஃபான்ட் (ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வச்சது): பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி வகையில் ஏதோ ஒண்ணு. உபயதாரர் பட்டியல் இந்த ரெண்டாவது ரகம். எழுத்து உடையவே இல்ல, ஃபான்ட் உங்க மெஷினில் இல்ல, அவ்வளவுதான். கர்சரை அந்தக் குப்பைக்குள்ள வச்சு வேர்டின் ஃபான்ட் பெட்டியைப் பாருங்க. ஃபான்ட் இல்லாட்டியும் அதன் பேர் அங்கே அப்படியே நிக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' பொத்தானை அழுத்தினா, காணாமப் போன எல்லா ஃபான்டும், அதுக்குப் பதிலா வேர்டு எதை மாட்டியிருக்குன்னும் காட்டும்.

பேர் தெரியலைன்னா (வாட்ஸ்அப் மெசேஜா ஒட்டி அனுப்பினா பேர் போயிடும்) எழுத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு சின்ன ஆங்கில எழுத்தா வந்தா அது பாமினி. தலையில் கொம்பும் புள்ளியும் வச்ச ஐரோப்பிய எழுத்தா வந்தா வேற குறியீடு. என்எச்எம் கன்வர்டரில் (தமிழ்க் குறியீடு மாத்துற சாஃப்ட்வேர்) ஒரே ஒரு வரியைக் கொடுத்து, ஒவ்வொரு குறியீடா மாத்திப் பாருங்க. சரியான தமிழ் எதில் வருதோ அதுதான்.

மத்த பாதி, கொம்பு இடம் மாறுறது: மேட்டர் சரி, கோரல் பழசு. யூனிகோடில் 'கெ' என்பது முதல்ல க, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துறது சாஃப்ட்வேரின் வேலை. எக்ஸ்3-க்கு அது தெரியாது. 2012-ல் வந்த எக்ஸ்6-லதான் அந்த வசதி சேர்ந்தது. 'கெங்கையம்மன்' நல்ல சோதனைச் சொல், கெ-வும் கை-யும் ரெண்டும் இருக்கு. ஏன், 'வேலூர்' கூடப் போதும்.

நோட்டீஸ்_குடியாத்தம்
எக்ஸ்3-ஐ விட முடியாது சார், பழைய டிசைன் எல்லாம் அதில்தான். அப்ப இந்த யூனிகோடு பாதியை என்ன பண்றது?

பாலாறு_ப்ரீபிரஸ்
தலைகீழா மாத்துங்க. யூனிகோடு மேட்டரை உங்க கிட்ட இருக்கிற பழைய ஃபான்டின் குறியீட்டுக்குக் கன்வர்ட் பண்ணி, கோரலில் பேஸ்ட் ஸ்பெஷல் வழியா வெறும் டெக்ஸ்டா ஒட்டி, அந்த ஃபான்டைப் போடுங்க. உபயதாரர் பட்டியல் பாமினின்னா அதைக் கன்வர்ட் பண்ணவே வேண்டாம், ஃபான்டை மாட்டினா போதும். கன்வர்ட் பண்ணின பாதியில் நாலு இடத்தை மட்டும் கண்ணால் பாருங்க: ஸ்ரீ, க்ஷ, ஔ, ரூபாய்க் குறி.

தட்டச்சு_அக்கா
கன்வர்ட் பண்றப்ப நடக்கிற பெரிய சேதத்தை யாரும் சொல்லலையே. மேட்டர் முழுக்க ஒரே மூச்சில் கன்வர்டரில் போட்டா, நடுவில் இருக்கிற உண்மையான ஆங்கிலமும் தமிழா மாறிடும். ஈமெயில், ஜிஎஸ்டி எண், பேருக்குப் பின்னால் போடுற பட்டம், ஃபோன் எண்ணுக்கு முன்னால் இருக்கிற சுருக்கம் எல்லாம். எண் மட்டும் தப்பிக்கும். பாமினியில் கமா விசையில் உட்கார்ந்திருக்கிறது 'இ'. அதனால ஆங்கிலத்தில் இருந்த கமா ஒவ்வொண்ணும் 'இ'-யா வந்து நிக்கும்.

வழி: வேர்டில் ஹோம் தாவலில் செலக்ட் போய், ஒரே மாதிரி ஃபார்மேட் உள்ளதை எல்லாம் தேர்ந்தெடுக்கிற கட்டளை இருக்கு. பாமினி வரியில் கர்சர் வச்சு அதைக் கொடுத்தா பாமினி பகுதி மட்டும் பிடிபடும். ஆனா மொத்தமா காப்பி பண்ணி ஒட்டினா வரிசை கலையும், பத்தி பத்தியா எடுங்க. அதுக்கு முன்னால அந்தத் தேர்வுக்கு ஒரு கலர் அடிச்சு வச்சுக்கிட்டா எது மாத்தணும், எது கூடாதுன்னு கண்ணுக்கே தெரியும். ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி'. இல்லாட்டி பழைய ஃபான்ட் பேரும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும்.

இன்னொண்ணு, இது ரொம்ப நுணுக்கம். பழைய ஃபான்டில் வேர்டில் டைப் அடிச்ச மேட்டர்னா வாக்கியத்தோட முதல் எழுத்தை எல்லாம் சரி பாருங்க. வேர்டுக்கு அது ஆங்கிலம். அதனால வாக்கிய ஆரம்பத்துல சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தா ஆட்டோகரெக்ட் மாத்திடும். பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. கமலா குமலா ஆயிடுவாங்க, தமிழ் துமிழ் ஆயிடும். பட்டியலில் ஒவ்வொரு பேரும் ஒரு புது வரிங்கிறதால இது அங்கேதான் குவியும். ஸ்பெல்லிங் பார்க்கிற எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. நேர் மேற்கோள் குறியை வளைஞ்ச குறியா மாத்துற வேலையும் அப்படித்தான், அந்த இடத்தில் இருந்த எழுத்து வேறயாயிடும். கன்வர்ட் பண்ணி முடிச்சு யூனிகோடாக்கிப் படிச்சா இதெல்லாம் பளிச்சுனு தெரியும், குப்பையைப் பார்த்துக்கிட்டு இருந்தா தெரியாது.

கோட்டை_ஆஃப்செட்
அக்கா சொன்னதுக்கு ஒரு ஒட்டு. எட்டு பிட் ஃபான்டில் 160-ஆம் இடத்திலயும் 173-ஆம் இடத்திலயும் எழுத்து வச்சிருந்தா, வேர்டும் இன்டிசைனும் (பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்) அதை உடையாத இடைவெளின்னும் மறைவு ஹைஃபன்னும் எடுத்துக்கும். எழுத்து அப்படியே மாயம். ஒரே குறிப்பிட்ட எழுத்து மேட்டர் முழுக்க இல்லாமப் போனா காரணம் இதுதான். டைப் அடிச்சவரைத் திட்டிப் புண்ணியமில்ல.

நோட்டீஸ்_குடியாத்தம்
பிடிஎஃப் சரியா இருக்கே, அதையே நேரா பிளேட்டுக்கு விட்டா?

பாலாறு_ப்ரீபிரஸ்
விடலாம், ரெண்டு சோதனைக்கு அப்புறம். அக்ரோபேட்டில் கன்ட்ரோல்+டி, ஃபான்ட்ஸ் தாவல். ஒவ்வொரு ஃபான்ட் பேருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கணும், ஃபான்ட் ஃபைலுக்குள்ளேயே இருக்குன்னு அர்த்தம். ஏதாவது ஒண்ணில் அது இல்லாட்டி, உங்க திரையில் சரியாத் தெரியுறது உங்க மெஷினில் அந்த ஃபான்ட் இருக்கிறதால மட்டும். சிடிபி கடையில் (கம்ப்யூட்டரிலிருந்து நேரா பிளேட் எடுக்கிற இடம்) இருக்காது. பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ-வா (அச்சுக்கான பிடிஎஃப் வகை) எக்ஸ்போர்ட் பண்ணா எல்லா ஃபான்டும் உள்ளே இருந்தே ஆகணும், இல்லாட்டி எக்ஸ்போர்ட்டே தடுமாறும். அதனால பார்ட்டியிடம் கேட்கும்போதே அந்த வகையின் பேரைச் சொல்லிக் கேளுங்க. சில ஃபான்டில் எம்பெட் பண்ணக் கூடாதுன்னு உள்ளேயே பூட்டு இருக்கும். அது கர்வாதான் (எழுத்தை வெறும் கோட்டு உருவமா மாத்தி) வரணும்.

பிடிஎஃபைக் கோரலில் 'ஓப்பன்' பண்ணாதீங்க, இம்போர்ட் பண்ணுங்க. வர்ற பெட்டியில் 'டெக்ஸ்ட்' என்பதை விட்டு 'கர்வ்ஸ்' தேர்ந்தெடுங்க. டெக்ஸ்டா எடுத்தா அது உள்ளே இருக்கிற துண்டு ஃபான்டை விட்டுட்டு உங்க மெஷினில் தேடும், உடையுறது அதனால்தான். இல்லஸ்ட்ரேட்டரிலும் நேரா திறக்கிறதை விட பிளேஸ் பண்றது பத்திரம். இன்டிசைனில் பிளேஸ் பண்ணிட்டா கவலையே இல்ல.

பிடிஎஃபில் இருந்து காப்பி பண்ணா குப்பையா வருதேன்னு சிலர் பயப்படுவாங்க. அது அச்சைப் பாதிக்காது. தேடுறதுக்கும் காப்பிக்கும் வேண்டிய அட்டவணை அதில் இல்ல, எழுத்தின் உருவம் இருக்கு.

கோட்டை_ஆஃப்செட்
ரெண்டாவது சோதனை கலர். அதை விட்டுட்டீங்க. வேர்டில் இருந்து வந்த பிடிஎஃபில் கருப்பு ஆர்ஜிபி (திரைக்கான கலர் முறை). அதை அப்படியே சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) ஆக்கினா ஸ்வாப் என்ற அச்சுக் கலர் புரொஃபைலில் சி 75, எம் 68, ஒய் 67, கே 90. மொத்தம் 300 சதவீதம் மை. 8 பாயின்ட் தமிழ் எழுத்து நாலு பிளேட்டில் உட்காரும். ரிஜிஸ்டர் (நாலு பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துறது) ஒரு முடி விலகினாலும் ண, ஞ, ழ சுழிக்குள்ள சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். ஃபான்ட் சரியில்லைன்னு பார்ட்டி சொல்ற பாதி புகார் உண்மையில் இதுதான். அக்ரோபேட்டின் அவுட்புட் பிரிவ்யூவில் கருப்பு பிளேட்டை மட்டும் அணைச்சுப் பாருங்க. டெக்ஸ்ட் இன்னும் தெரிஞ்சா மாத்தணும். கர்வா எடுத்த பிறகு கோரலின் ஃபைண்டு அண்ட் ரீப்ளேஸில் அந்தக் கலரைத் தேடி கே 100-ஆ மாத்தலாம். மாத்தினதும் ஓவர்பிரின்ட் (அடியில் இருக்கிற கலரை வெட்டாம அது மேலயே அச்சாகுறது) போட்டுடுங்க, மஞ்சள் பின்னணியில் வெள்ளைக் கோடு வராது.

சத்துவாச்சாரி_டிசைன்
இவ்வளவு எதுக்கு அண்ணே? பார்ட்டியிடம் 'கர்வ் பண்ணி அனுப்பு'ன்னு ஒரே வார்த்தை. நான் கர்வ் இல்லாத ஃபைலை வாங்குறதே இல்ல.

தட்டச்சு_அக்கா
தம்பி, கர்வ் பண்ணின ஃபைலில் முகூர்த்த நேரம் தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க? 9-ஐ 10 ஆக்க அதே ஃபான்டைத் தேடி அலையணும். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறவங்க கடைசி நாள் வரை சித்தப்பா பேரைச் சேர்த்துக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு ஃபைல் வாங்குங்க: பேருக்குப் பின்னால் 'லைவ்' ஒண்ணு, 'கர்வ்' ஒண்ணு. கர்வ் பிளேட்டுக்கு, லைவ் திருத்தத்துக்கு.

பாலாறு_ப்ரீபிரஸ்
அக்கா பக்கம்தான் நானும். கர்வ் கடைசி நகலுக்கு மட்டும். அதோட 'கர்வ் பண்ணிட்டேன்'னு பார்ட்டி சொல்றதை நம்பவும் கூடாது. கோரலில் கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+கியூ கொடுத்தா இப்ப திறந்திருக்கிற பக்கம் மட்டும்தான் மாறும். ரெண்டாம் பக்கம் அப்படியே டெக்ஸ்டா இருக்கும். பூட்டின பொருள், பூட்டின லேயர், பவர்கிளிப் (ஒரு வடிவத்துக்குள்ள பொருளை அடைக்கிறது) உள்ளே இருக்கிற எழுத்து, எதுவும் அந்தத் தேர்வில் சிக்காது. டாகுமென்ட் பிராப்பர்ட்டீஸ் திறந்து டெக்ஸ்ட் பகுதியைப் பாருங்க. டெக்ஸ்ட் பொருள் இல்லைன்னு வந்தால்தான் முடிஞ்சுது. ஃபான்ட் பேர் ஒண்ணாவது அங்கே இருந்தா தேடுங்க. இல்லஸ்ட்ரேட்டரில் ஃபைண்டு ஃபான்ட் பட்டியல் காலியா இருக்கணும்.

சின்ன எழுத்தைக் கர்வ் பண்ணினா டிஜிட்டல் மெஷினில் கொஞ்சம் தடிச்சு வரும். ஆஃப்செட்டில் அது தெரியாது. விசிட்டிங் கார்டை டிஜிட்டலில் போடுறவங்க 7 பாயின்ட்டுக்குக் கீழே போனா எம்பெட் பண்ணின பிடிஎஃபே நல்லது.

ஃபான்ட் ஃபைலைக் கேட்டு வாங்குறது பத்தி: காசு கொடுத்து வாங்கின ஃபான்ட்டை அடுத்தவங்களுக்குக் கொடுக்க லைசென்ஸ் பெரும்பாலும் இடம் கொடுக்காது. அந்த மாதிரி இடத்தில் பிடிஎஃபோ கர்வோதான் நேர்மையான வழி. ஒரே பேரில் ரெண்டு விதமான ஃபான்ட் ஃபைலும் ஊரில் சுத்துது. பேர் ஒண்ணு, உள்ளே எழுத்து இருக்கிற இடம் வேற. புதுசா ஒண்ணை மாட்டினதும் பழைய வேலை எல்லாம் உடைஞ்சா அதைத்தான் சந்தேகப்படணும்.

சத்துவாச்சாரி_டிசைன்
சரி அக்கா, ரெண்டு ஃபைல் ஒத்துக்கிறேன். இன்னொரு கேள்வி. வேர்டில் போல்டா இருந்தது, இன்டிசைனில் கொண்டுவந்தா போல்டு போயிடுது. கோரலில் அவுட்லைன் கொடுத்துத் தடிக்க வைக்கலாமா?

கோட்டை_ஆஃப்செட்
வேர்டின் 'பி' பொத்தான், ஃபான்டில் போல்டு இல்லாட்டியும் தானா கோட்டைத் தடிமனாக்கிக் காட்டும். இன்டிசைன் அந்தப் பொய்யைச் செய்யாது. நிஜமான போல்டு இருக்கிற ஃபான்டுக்கு மாறுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் எல்லாம் பல தடிமனில் இலவசமாவே கிடைக்குது. பார்ட்டி அதே ஃபான்ட்தான் வேணும்னா அவுட்லைன் 0.2 பாயின்ட், மிஞ்சினா 0.3. நிரப்புக்குப் பின்னால் போகணும், பொருளோட சேர்ந்து அளவு மாறணும், ரெண்டு டிக்கும் அவசியம். ரெண்டாவது டிக் இல்லாம ஏ4-ஐ ஃப்ளெக்ஸுக்குப் பெருசாக்கினா தடிமன் காணாமப் போகும், கார்டுக்குச் சின்னதாக்கினா 'ணை' வெறும் கறுப்புத் திட்டு.

ஆம்பூர்_கார்டு
எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகையில் உருது, தமிழ், ஆங்கிலம் மூணும் வரும். உருது இன்பேஜில் (உருது பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்) வருது. அதுக்கு இதே முறைதானா?

பாலாறு_ப்ரீபிரஸ்
இல்ல பாய். பழைய இன்பேஜ் தன் சொந்தக் குறியீட்டில் சேமிக்கும், நஸ்தலீக் (உருதுவின் சாய்ந்த எழுத்து வகை) எழுத்துச் சேர்க்கைகளைப் பல ஃபான்ட் ஃபைலாப் பிரிச்சு வச்சிருக்கும். காப்பி பண்ணி ஒட்டுற வேலையே கூடாது. இன்பேஜிலிருந்து பக்கத்தை இபிஎஸ்ஸா எக்ஸ்போர்ட் பண்ணி, கோரலில் டெக்ஸ்டைக் கர்வா இம்போர்ட் பண்ணுங்க. யூனிகோடு உருது (ஜமீல் நூரி நஸ்தலீக் மாதிரி) வந்தா இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர், பத்தியின் திசை வலமிருந்து இடம். வரி இடைவெளியைத் தமிழுக்குக் கொடுக்கிறதை விடத் தாராளமாக் கொடுங்க, சாய்ஞ்சு ஏறுற எழுத்தின் தலை மேல் வரியில் இடிக்கும்.

கவனிக்க வேண்டியது ஃபோன் எண். நடுவில் இடைவெளியோ கோடோ விட்டு எழுதின எண், வலமிருந்து இடம் போகிற பத்தியில் துண்டு துண்டா முன்பின் மாறும். ஒரே தொடரா எழுதுங்க, இல்ல தனிப் பெட்டியில் வைங்க. உருது எண்ணும் அரபு எண்ணும் 4-லயும் 7-லயும் உருவம் வேற. தேதியைப் பார்ட்டி வீட்டில் உருது படிக்கிறவர் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

சித்தூர் பக்கத்திலிருந்து காட்பாடிக்கு வர்ற தெலுங்குப் பத்திரிகையிலும் பழைய அனு ஃபான்ட் வரும். அதுக்கும் முதல் கேள்வி அதேதான்: யூனிகோடா, இல்லையா.

காட்பாடி_பைண்டிங்
புராஜெக்ட் ரிப்போர்ட் சீசன் வருது, அதையும் ஒரு வரி சொல்லுங்க. வேர்டு ஃபைலை நம்ம கடையில் லிப்ரே ஆபீஸில் திறந்தா பக்க எண் எல்லாம் தள்ளிப் போகுது.

கோட்டை_ஆஃப்செட்
டைம்ஸுக்கு லிபரேஷன் செரிஃப், கலிப்ரிக்குக் கார்லிட்டோ. இந்த ரெண்டும் எழுத்தின் அகலம் மாறாதபடி செஞ்ச மாற்று, அதனால வரி அவ்வளவா நகராது. இப்படி மாற்று இல்லாத ஃபான்டா இருந்தா நகரும், உள்ளடக்கப் பக்கம் பொய்யாயிடும். மாணவரிடமே பிடிஎஃபா வாங்குறதுதான் வழி. லேடெக்கில் (அறிக்கை, கட்டுரை அமைக்கிற சாஃப்ட்வேர்) செஞ்ச பிடிஎஃபில் ஃபான்ட்ஸ் தாவலில் 'டைப் 3' என்று வந்தா பெரும்பாலும் அது புள்ளிப் படமா உள்ளே போன எழுத்து, கம்ப்யூட்டரில் மங்கலாத் தெரியும். சிஎம்-சூப்பர் தொகுப்பை நிறுவியோ லேட்டின் மாடர்ன் ஃபான்டுக்கு மாறியோ திரும்ப ஓட்டச் சொல்லுங்க.

தட்டச்சு_அக்கா
விலைப்பட்டியல், பில் புக் வேலையில் 500-க்கு முன்னால் ` மாதிரி ஒரு சின்னக் கீறல் வந்தா அழிச்சிடாதீங்க. அது ரூபாய்க் குறி. 2010-ல் குறி வந்த புதுசுல, கீபோர்டில் அந்தக் கீறல் விசையிலயே ரூபாய்க் குறியை வச்ச ஒரு ஃபான்ட் பரவிச்சு, அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் கீறலாத்தான் தெரியும். தேடி ₹ ஆ மாத்துங்க, பிறகு உங்க ஃபான்டில் ₹ இருக்கான்னும் பாருங்க.

'ஸ்ரீ'யும் அப்படி. யூனிகோடில் ஸ-வில் தொடங்குறது ஒண்ணு, 2005-ல் சேர்ந்த ஶ-வில் தொடங்குறது ஒண்ணு. சில ஃபான்ட் ஒண்ணைச் சேர்த்துக் காட்டும், இன்னொண்ணை ஸ் தனியா ரீ தனியா விட்டுடும். பத்திரிகையின் முதல் வரியே உடைஞ்சு நிக்கும்.

நோட்டீஸ்_குடியாத்தம்
பாமினியை மாட்டினேன், பட்டியல் வந்திடுச்சு. முதல் எழுத்தில் 'கு' பிரச்சனையும் அக்கா சொன்ன மாதிரியே மூணு பேரில் இருந்தது. இப்ப ஒரே சிக்கல்: பத்தியை ரெண்டு ஓரமும் நேரா நிறுத்தினா கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விழுது. ஒரு வரி கொம்போட முடிஞ்சு, எழுத்து அடுத்த வரிக்குப் போயிடுச்சு.

பாலாறு_ப்ரீபிரஸ்
பழைய ஃபான்டில் கொம்பு ஒரு தனி எழுத்து, சாஃப்ட்வேருக்கு அது அடுத்த எழுத்தோட சேர்ந்ததுன்னு தெரியாது. எழுத்து இடைவெளி விரியாதபடி 0 ஆக்கிடுங்க. சொல் இடைவெளி மட்டும் விரியட்டும். ஹைஃபனேஷனை அணைச்சிடுங்க. அப்பவும் வரிக் கடைசியில் கொம்பு தொங்கினா அந்தச் சொல்லுக்கு முன்னால் ஷிஃப்ட்+என்டர். இடது ஓரத்தை மேலிருந்து கீழா ஒரு தடவை பாருங்க, வரி எதுவும் துணைக்காலோடோ புள்ளியோடோ தொடங்கக் கூடாது.

உபயதாரர் பட்டியலை ரெண்டு ஓரமும் நேரா நிறுத்தவே வேண்டாம், இடது ஓரம் போதும். ப்ரூஃபை ஏ4-ல் நூறு சதவீத அளவில் எடுத்து, பார்ட்டி அனுப்பின பிடிஎஃபைப் பக்கத்தில் வச்சு ஒவ்வொரு பேரா அவரையே டிக் போடச் சொல்லுங்க. கையெழுத்து, தேதி, நேரம் மூணும் வாங்கிட்டுப் பிளேட்டுக்கு அனுப்புங்க. கன்வர்ட் பண்ணின வேலைக்குத் தனியா டைப்பிங் சார்ஜ் போடுங்க, தயங்காதீங்க. திருத்தத்தை வாட்ஸ்அப் வாய்ஸில் சொன்னா எடுத்துக்காதீங்க, ப்ரூஃப் மேல எழுதித் தரட்டும்.

நோட்டீஸ்_குடியாத்தம்
பிடிஎஃபைக் கர்வா இம்போர்ட் பண்ணி அடியில் பூட்டி வச்சு, மேலே பாமினியில் அடுக்கிட்டேன், பேர் பேரா ஒத்துப் பார்க்க வசதியா இருக்கு. ஒரே சந்தேகம், அடியில் இருக்கிறதை அழிக்க மறந்தா?

கோட்டை_ஆஃப்செட்
அதைத் தனி லேயரில் போட்டு, ஆப்ஜெக்ட் மேனேஜரில் அந்த லேயரின் பிரின்டர் படத்தை அணைச்சிடுங்க. திரையில் தெரியும், பிளேட்டில் வராது. பிடிஎஃபா பப்ளிஷ் பண்றப்பவும் வராது. ஆனாலும் கர்வ் நகல் எடுக்கும்போது லேயரையே நீக்கிடுங்க, சிடிபி கடைக்குப் போறது சுத்தமா இருக்கணும்.